மாவார் ஆற்றுக் கரண்ட்

கூச்சிங்
10 நவம்பர் 2024

அன்புள்ள அக்கா,

நான் இங்கே சௌக்கியம். நீ அங்கே கோபமாக இருப்பாய். அது எந்த அளவில் இருக்கிறது என்று விசாரிக்கத்தான் எழுதுகிறேன்.

தீபாவளி முடிந்து நான் கிளம்பியதிலிருந்து நீ போனை எடுக்கவில்லை. எப்போது அடித்தாலும் அம்மாதான் எடுத்து, "அன்பு பேக்டரிக்குப் போயிட்டாப்பா" என்கிறார். காலையிலும் அதே, ராத்திரியிலும் அதே. நீ தேயிலை பேக்டரியில் ஷிப்ட் சூப்பர்வைசரா, இல்லை அங்கேயே காவல்காரியா?

சாப்பாட்டு இலையில் ஆட்டுக்கறியை வைத்துக்கொண்டே, "தின்னுட்டுக் கிளம்பு, அந்த ஆத்தையும் கையோட எடுத்துக்கிட்டுப் போ" என்றாய். மாமா வீட்டார் எல்லாம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் என்ன தப்பாகச் சொல்லிவிட்டேன்? மாவார் தோட்டத்துக்கு மேலே ஆற்றை மறித்துச் சுவர் கட்டி, தண்ணீரைப் பெரிய குழாயில் அடைத்து மலையோரமாகக் கொண்டுபோய், கீழ் லயத்துக்கும் கீழே மின் நிலையம் வைக்கப் போகிறார்கள். தண்ணீர் குழாயில் போனால் ஆற்றில் என்ன இருக்கும்? கல் இருக்கும். மேலே இருக்கும் செமாய் பூர்வகுடிகளின் கிராமத்துக்கு, அந்தக் கம்போங்குக்குக் குடிதண்ணீர் அந்த ஆற்றிலிருந்துதான் வருகிறது. கெலா மீன் முட்டையிடுவது அந்த மடுவில்தான். குழாய் போட மலையை வெட்டி ரோடு போடுவார்கள். வெட்டிய மண் எங்கே போகும்? அதைத்தான் கேட்டேன். அதற்குக் கறியோடு திட்டும் சேர்த்துப் போட்டாய்.

இப்போது ஒரு செய்தி. உட்கார்ந்துகொண்டு படி. ஜனவரியில் தானா ராத்தா டவுனில் பொதுமக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வைக்கிறார்கள். எங்கள் இயற்கைச் சங்கத்தின் சார்பில் எதிர்த்துப் பேசப்போவது நான்! ஆற்றுத் தண்ணீரைச் சோதிக்கும் வேலையில் ஆறு வருஷம் இருந்ததற்கு இப்போதுதான் அர்த்தம் வந்திருக்கிறது. வெள்ளை போர்டு முழுக்கப் படம் போட்டு வைத்திருக்கிறேன். கை பரபரக்கிறது, அக்கா. பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டிக்கு முந்தின நாள் மாதிரி.

நீ என் பக்கம் வந்து உட்கார வேண்டும். குறைந்தபட்சம் எதிர்ப்பக்கம் உட்காராமல் இரு.

உன் தம்பி
குணாளன்


மாவார் தோட்டம்
21 நவம்பர் 2024

குணா,

காகிதத்துல எழுதினது நல்லதாப் போச்சு. போன்ல நீ என்னைப் பேச விடுறதே இல்ல. இதுல எவனும் குறுக்க பூர முடியாது, லா.

ஆத்துக்காகப் பேசுறியே, பேக்டரிக்காக யார் பேசுறது? போன மாசம் ஒரு நாள் மத்தியானம். உருட்டு மிஷின்ல இருந்து எறக்கின எலை, புளிக்கப் போட்டிருக்கோம். ஒரு பதம் இருக்கு, அந்தப் பதத்துல எடுத்து டிரையர்ல விடணும். அப்ப போச்சு கரண்ட்டு. ஜெனரேட்டர் கெழவன், ஒரு டிரையரை ஓட்டுறதுக்கே மூச்சு வாங்குவான். மத்தது எல்லாம் நின்னுச்சு. எலை கறுத்து, புளிச்ச கஞ்சி வாடை அடிக்குது. அவ்வளவையும் அள்ளி எருக்குழியில கொட்டினோம். காலையில பொம்பளைங்க மழையில நனைஞ்சு எடுத்த எலை அது. இந்த மழைக்காலத்துல எத்தனை தடவை இப்படி ஆச்சுன்னு எண்ணுறதையே விட்டுட்டேன்.

தோட்டத்துத் துரை எங்களைக் கூப்பிட்டுச் சொல்லிட்டாரு. இப்படியே போனா பேக்டரியை மூடிட்டு, பச்சை எலையை லோரியில ஏத்தி வேற தோட்டத்துக்கு அனுப்பிருவாங்களாம். அப்ப நான் எங்க போறது? பிரிஞ்சாங் ராத்திரி மார்க்கெட்ல ஸ்ட்ராபெரி விக்கவா? ஏன், வித்தாலும் விப்பேன். ஆனா இந்த பேக்டரியில கூட்டிப் பெருக்குறவளாச் சேந்து சூப்பர்வைசர் ஆனவ நான். என் காதுக்குள்ள அந்த மிஷின் சத்தம் இருக்கு. அதை விட்டுட்டு என்னால தூங்க முடியாது.

இன்னொண்ணு கேக்குறேன். கூச்சிங்ல உன் தலைக்கு மேல பேன் ஓடுதே, அந்தக் கரண்ட்டு எங்க இருந்து வருது? நீதானே சொன்ன, அங்க பெரிய பெரிய அணை கட்டிக் காட்டையே தண்ணியில முழுகடிக்குறாங்கன்னு. காட்டை முழுகடிச்ச கரண்ட்டுக் காத்துல உக்காந்துக்கிட்டு, எங்க மலையில ஒரு சின்ன மிஷின் வைக்கக் கூடாதுன்னு எழுதுற. நல்லாயிருக்குடா நியாயம்!

இப்ப என் செய்தியைக் கேளு. நீயும் உக்காந்துக்க. மின் நிலையம் கட்டுற கம்பெனி ஆளு தர்மேந்திரன், அந்த வேலைக்கு மேனேஜர், பேக்டரிக்கு வந்தாரு. கூட்டத்துல தோட்டத்து ஆளா ஆதரிச்சுப் பேச முடியுமான்னு கேட்டாரு. "பேசுறேன்"னுட்டேன்!

அம்மாவுக்கு இது தெரிஞ்சதுல இருந்து வீட்டுக்கும் வாசலுக்கும் நடக்குது. "ஒரு வயித்துல பொறந்ததுங்க ஊர் முன்னால நின்னு அடிச்சுக்கப் போவுதே"ன்னு கோயில்ல வேண்டிக்கிட்டு வந்திருக்கு. லயத்துல ரெண்டு கட்சி ஆயிருச்சு. நம்ம லயத்துக் கெழவி மணியம்மா மட்டும் ரெண்டு பக்கமும் பேசுது.

நல்லாத் தயார் பண்ணிக்கிட்டு வா. பள்ளிக்கூடத்துல உனக்குப் பேச்சு எழுதிக் கொடுத்தவ யாருன்னு ஞாபகம் இருக்கட்டும்.

அன்பரசி


கூச்சிங்
2 டிசம்பர் 2024

அக்கா,

பேன் பற்றி எழுதியிருந்தாயே, அதைப் படித்ததும் எழுந்துபோய் நிறுத்தினேன். வேர்த்துக் கொட்டியது. கொஞ்ச நேரம் வீறாப்பாக உட்கார்ந்து பார்த்தேன். திரும்பப் போட்டுக்கொண்டேன். உன்னிடம் இதை மறைக்க முடியாது; நீ எப்படியாவது கேட்டுவிடுவாய்.

சரி, கரண்ட் வேண்டும். ஒப்புக்கொள்கிறேன். ஆனால் எந்த வழியில்? ரிங்லெட் அணையில் மண் தேங்கிக் கிடப்பதை நீயும் பார்த்திருக்கிறாய். தூர் வாருவதும் ஓயவில்லை, மண் வருவதும் ஓயவில்லை. மேலே மலையை வெட்டினால் மழை அதைக் கீழே கொண்டுவரத்தான் செய்யும். கரண்டுக்காக வெட்டுகிற மண்ணே கடைசியில் கரண்டை நிறுத்தும். இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் லெம்பா பெர்த்தாம் ஊருக்குள் சேறு புகுந்தபோது நாம் இருவரும் சோற்றுப் பொட்டலம் கொண்டுபோனோம். ஒரு வீட்டில் சேறு ஜன்னல் வரைக்கும் நின்றது. நீ அந்த வாசலில் அசையாமல் நின்றாய். நான்தான் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

இன்னொரு கேள்வி. சண்டைக்காகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்கிறேன். அந்த மின் நிலையத்தில் வரும் கரண்ட், பேக்டரிக்கு வருமா? அல்லது நாட்டு மின்கம்பியில் கலந்து எங்கோ போய்விடுமா? தர்மேந்திரனிடம் நேராகக் கேட்டாயா? யாராவது உன்னிடம் "பேக்டரிக்கு" என்ற சொல்லைச் சொன்னார்களா, அல்லது நீங்களாகவே நினைத்துக்கொண்டீர்களா?

அங்கே மழை எப்படி? மேலே ரோட்டு வேலை ஆரம்பித்துவிட்டதாக அம்மா சொன்னார். கருத்துக் கேட்பதற்கு முன்னாலேயே எப்படி வெட்டுகிறார்கள்? "சோதனைக்கான ரோடு" என்கிறார்களாம். மண்ணுக்கு அந்த வித்தியாசம் தெரியாது.

கோபம் குறைந்துவிட்டது என்று நினைக்காதே. எதிரி பலமாக இருந்தால் எனக்கு உற்சாகம் வரும்.

குணா


மாவார் தோட்டம்
16 டிசம்பர் 2024

தம்பி,

போன்ல அன்னைக்கு நீயும் நானும் அழுததைத் தவிர ஒண்ணும் பேசல. என்ன நடந்துச்சுன்னு வரிசையா எழுதுறேன்.

வியாழக்கிழமை. மூணு நாளாச் சோன்னு மழை. மத்தியானத்துக்கு மேல கொஞ்சம் விட்டிருந்துச்சு. எல்லா மிஷினும் ஓடிக்கிட்டிருக்கப்ப படக்குன்னு கரண்ட்டு போச்சு. எலக்ட்ரீஷியன் காளியண்ணன் ஜெனரேட்டரைப் போட ஓடினாரு. நான் எலையைப் பாத்துத் தலையில கை வெச்சேன். பேக்டரி நின்னா ஒரு அமைதி வரும் பாரு. அந்த அமைதியில எப்பவும் கீழ ஆறு எரையுறது கேக்கும். மழை நாள்ல இன்னும் பெருசாக் கேக்கும்.

அன்னைக்குக் கேக்கல.

முதல்ல என் காதுதான் அடைச்சிருக்குன்னு நெனச்சேன். ஜன்னலைத் தொறந்து எட்டிப் பாத்தேன். அவ்வளவு மழை பேஞ்சிருக்கு, ஆத்துல தண்ணி இல்ல. கல்லு தெரியுது. அங்க ஒண்ணு, இங்க ஒண்ணுன்னு மீனு துள்ளுது. மேல எங்கயோ மண்ணு சரிஞ்சு ஆத்தை அடைச்சிருக்கு. அதுக்குப் பின்னால அத்தனை தண்ணியும் ஏறிக்கிட்டு நிக்குது. ஒடைஞ்சா நேரா கீழ் லயந்தான்.

"காளியண்ணே, சைரன்!"னு கத்தினேன்.

"கரண்ட்டு இல்லையேம்மா. ஜெனரேட்டர் டிரையருக்குத்தான் போட்டிருக்கு."

"டிரையரைப் புடுங்குங்க. சைரனுக்குக் குடுங்க."

"உள்ள எலை இருக்கும்மா! கருகிரும், தீப்பிடிச்சாலும் பிடிக்கும். துரை..."

"துரைகிட்ட நான் பேசிக்கிறேன். புடுங்குங்கண்ணே!"

புடுங்கிட்டாரு. நெருப்பணைக்கிற சிலிண்டரோட ரெண்டு பேரை டிரையர்கிட்ட நிக்க வெச்சேன். சைரன் ஊதுச்சு பாரு, அந்தச் சத்தம் இதுவரைக்கும் எனக்கு அவ்வளவு இனிமையா இருந்ததில்ல. ஷிப்ட் நேரத்துக்கு ஒரு தடவை ஊதுறது, விடாம ஊதுது. லயத்துல எல்லாரும் என்ன நெனச்சாங்க தெரியுமா? பேக்டரி தீப்பிடிச்சிருச்சுன்னு! வாளியும் கையுமா மேல ஓடி வர்றாங்க. நம்ம அம்மா ஒரு கால்ல உன் செருப்பு, ஒரு கால்ல அதோட செருப்பு, கையில தண்ணிக் கொடம். "எங்கடி தீ? எங்கடி தீ?"ன்னு கேக்குது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒண்ணா வருது.

தலையை எண்ணினோம். மணியம்மாவைக் காணோம். அதுக்கு முட்டி வலி, படி ஏற முடியாது. நான் கீழ ஓடப் போனேன். அப்ப ஒரு ஹைலக்ஸ் வண்டி ஆரன் அடிச்சுக்கிட்டே மேல வருது. தர்மேந்திரன். ரோடு வெட்டின எடத்துல மண்ணு சரிஞ்சதைப் பாத்துட்டு, போன் கெடைக்காம, சொல்லுறதுக்காக நேரா கீழ் லயத்துக்குப் போனாராம். அங்க தனியா இருந்த மணியம்மாவை முதுகுல தூக்கி வண்டியில போட்டுக்கிட்டு வந்திருக்காரு. சட்டையெல்லாம் சேறு. எறங்கினதும் என்னைப் பாக்க முடியாம நின்னாரு.

கொஞ்ச நேரந்தான். அப்புறம் வந்துச்சு. தண்ணி இல்லடா அது. மலையே எழுந்து நடந்து வர்ற மாதிரி, கறுப்பா, வேரோட மரமா. பாலம் போச்சு. கீழ் லயத்துல ஆத்தோரம் இருந்த அடுப்படி எல்லாம் போச்சு. ஆட்டுக் கொட்டாய் போச்சு. மனுசங்க ஒருத்தரும் போகல. ஒருத்தரும் போகல, குணா.

டிரையர்ல இருந்த எலை கருகிப் போச்சு. துரை வந்து பாத்தாரு. என் தலையில கையை வெச்சுட்டுப் போயிட்டாரு.

அன்பரசி


கூச்சிங்
24 டிசம்பர் 2024

அக்கா,

உன் கடிதத்தை ஆபீசில் நின்றபடியே படித்தேன். பக்கத்து மேசைப் பெண் பயந்துபோய்த் தண்ணீர் கொடுத்தாள். நீ செய்ததை நினைத்தால் எனக்குக் கத்த வேண்டும்போல் இருக்கிறது. சத்தம் கேட்டு ஓடியவர்களை எனக்குத் தெரியும். சத்தம் நின்றதைக் கேட்டு ஓடியவள் நீ ஒருத்திதான்.

இனி என்ன விவாதம்? எல்லாம் முடிந்துவிட்டது. நான் சொன்னது அப்படியே நடந்துவிட்டது! நீ கூட்டத்தில் என் பக்கம் எழுந்து நின்று இதைச் சொன்னால் போதும், அந்தத் திட்டம் அன்றைக்கே செத்தது. உன் பெயரை எங்கள் சங்கப் பேச்சாளராகக் கொடுத்துவிடட்டுமா?

குணா


மாவார் தோட்டம்
4 ஜனவரி 2025

குணா,

கொடுக்காத.

"நான் சொன்னது நடந்துருச்சு"ன்னு எழுதியிருக்க, அதுக்குப் பின்னால ஆச்சரியக்குறி வேற. எனக்கு அது புடிக்கல. எங்க அடுப்படி போனதுல நீ ஜெயிச்சுட்டியா?

அன்னைக்கு எங்களைக் காப்பாத்துனது எது, யோசிச்சுப் பாத்தியா? கரண்ட்டுடா. அந்தக் கெழட்டு ஜெனரேட்டர் இழுத்த கரண்ட்டு. அது ஓடாம இருந்திருந்தா நான் தொண்டை கிழியக் கத்தியும் யாருக்குக் கேட்டிருக்கும்? எங்களைக் கொல்ல வந்தது கரண்ட்டுக்காக வெட்டின மண்ணு. காப்பாத்துனதும் கரண்ட்டுதான். ரெண்டையும் ஒரே வாயால சொல்லணும். உன் பக்கம் உக்காந்தா ஒண்ணைச் சொல்ல விட மாட்டீங்க. கம்பெனி பக்கம் உக்காந்தா இன்னொண்ணைச் சொல்ல விட மாட்டாங்க.

நீ கேட்ட கேள்வியைத் தர்மேந்திரன்கிட்ட நேராக் கேட்டேன். பொய் சொல்லல. "இல்லைங்க. பெரிய கம்பியில கலந்துரும். தோட்டத்துக்குன்னு தனியா ஒண்ணும் இல்ல"ன்னாரு. அப்ப எங்களுக்கு எதுக்கு ஆசை காட்டினீங்கன்னு கேட்டேன். "நாங்க சொல்லலைங்க. நீங்களா நெனச்சுக்கிட்டீங்க, நாங்க மறுக்கல. அதுவும் தப்புதான்"னாரு. எனக்கு வந்த கோவத்துல ரெண்டு நாளு சோறு எறங்கல.

ஆனாலும் நான் பேசுவேன். கம்பெனி பேர்ல இல்ல, உன் சங்கத்துப் பேர்லயும் இல்ல. என் பேர்ல. மேல கம்போங் வரைக்கும் போயி பாத்தினையும் பாத்துட்டு வந்தேன். அவங்க தலைவரு இல்லையா, அவரும் வர்றேன்னுட்டாரு. ஆத்துல சேறு அடிச்சதுல அவங்க குழாயும் போச்சாம்.

எனக்கு இப்ப பயமே இல்ல. எப்ப அந்த நாளு வரும்னு இருக்கு!

அக்கா


கூச்சிங்
26 ஜனவரி 2025

அக்கா,

விமானத்தில் வரும்போதே எழுத ஆரம்பித்தேன். பக்கத்தில் இருந்தவர் என் முழங்கை பட்டு இரண்டு முறை முறைத்தார்.

தானா ராத்தா மண்டபத்தில் அவ்வளவு கூட்டத்தை நான் எதிர்பார்க்கவில்லை. காய்கறித் தோட்டக்காரர்கள், செமாய் குடும்பங்கள், தோட்டத்து லோரியில் நின்றபடி வந்த நம் லயத்து ஆட்கள். நீ எழுந்து மலாய் மொழியில், "எனக்குக் கரண்ட் வேண்டும்" என்றதும் கம்பெனிக்காரர்கள் கை தட்டினார்கள். அடுத்த மூச்சில், "ஆனால் டிசம்பர் மழையில் மலையை வெட்டுகிறவர்களிடமிருந்து வேண்டாம்" என்றாய். எங்கள் பக்கம் கை தட்டியது. நீ திரும்பி எங்களையும் முறைத்தாயே! "கை தட்டுறதுக்கு நான் பாட்டுப் பாட வரல" என்று நீ தமிழில் சொன்னது கூட்டம் நடத்திய அதிகாரிக்குப் புரியவில்லை. புரிந்தவர்கள் எல்லாம் கையை மடியில் வைத்துக்கொண்டார்கள்.

பாத்தின் எழுந்து, "எங்கள் குழாயில் தண்ணீர் வராவிட்டால் நான் யாருக்குப் போன் செய்வது? கம்போங்கில் போனுக்குச் சிக்னலே கிடையாதே" என்று கேட்டார். அப்போதுதான் தர்மேந்திரன் எழுந்தார். அந்த ரோட்டை மழைக்காலத்தில் வெட்டியிருக்கக் கூடாது என்றார். முதலாளிகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது. அவர் வேலை தங்குமா என்று எனக்குத் தெரியாது.

என் முறை வந்தபோது நான் கொண்டுவந்த படங்கள் பெட்டிக்குள்ளேயே இருந்துவிட்டன. திட்டமே கூடாது என்று பேசத்தான் வந்தேன். உன் முகத்தைப் பார்த்ததும் அது வாயில் வரவில்லை. சுவரைக் கம்போங் குழாய்க்குக் கீழே இறக்க வேண்டும், ஆற்றில் எந்நாளும் தண்ணீர் விட வேண்டும், பேக்டரிக்கும் சைரனுக்கும் தனிக் கம்பி வேண்டும், மழையில் வேலையை நிறுத்தும் அதிகாரம் ஊர்க்காரர் கையில் இருக்க வேண்டும் என்றேன். "எந்த ஊர்க்காரர்?" என்று அதிகாரி கேட்டார். உன் பெயர் தானாக வாயில் வந்துவிட்டது.

எங்கள் சங்கத்தில் இரண்டு பேர் இப்போது என்னோடு பேசுவதில்லை. விலை போய்விட்டேனாம். வலிக்கிறது. ஆனாலும் திரும்பப் பேசச் சொன்னால் அதையேதான் பேசுவேன்.

குணா


மாவார் தோட்டம்
12 ஆகஸ்ட் 2025

குணா,

என்னை ஒரு வார்த்தை கேக்காம ஊர் முன்னால என் பேரைச் சொன்னதுக்கு இன்னும் நான் உன்னை மன்னிக்கல. அது ஒரு பக்கம் இருக்கட்டும்.

முடிவு வந்துருச்சு! சுவரு கீழ எறங்குது. கம்போங் குழாய்க்குத் தொந்தரவு இல்ல. பேக்டரிக்குத் தனிக் கம்பி உண்டு. துரையே வந்து சொன்னாரு. ஆனா ஆத்துல நீ கேட்ட அளவு தண்ணி விட மாட்டாங்களாம், அதுல பாதிதான். எனக்கு அது மனசுக்கு ஒப்பல. கெலா மீனு பொழைக்குமா பொழைக்காதான்னு நீதான் வந்து பாத்துச் சொல்லணும். வருசா வருசம் வந்து பாரு. தர்மேந்திரனைக் கம்பெனி ஜொகூருக்கு மாத்திருச்சு. போறப்ப மணியம்மாவைப் பாத்துட்டுத்தான் போனாரு.

வேலை போன வாரம் ஆரம்பிச்சுச்சு. மழையில வேலையை நிறுத்துற அதிகாரம் எனக்குத்தான்னு ஒரு மஞ்சத் தொப்பி, பூட்ஸ் குடுத்திருக்காங்க. ஷிப்ட் முடிஞ்சு மேல போவேன். நான் இல்லாத நேரத்துக்குப் பாத்தினோட மருமக நிக்கிறா. மழை அளக்குற குழாய் ஒண்ணு நட்டிருக்கு, அதுல செவப்புக் கோடு. தண்ணி கோட்டைத் தொட்டா வேலை நிக்கணும்.

நேத்து மத்தியானம் தொட்டுருச்சு. மண்வாரி மிஷின் முன்னால போயிக் கையைக் காட்டினேன். புது மேனேஜர் ஓடி வந்து, "அக்கா, இன்னும் கொஞ்சந்தான் இருக்கு, முடிச்சுர்றோமே"ங்குறான். "நிறுத்துங்க"ன்னேன். அவன் என் தொப்பியைப் பாத்தான், குழாயைப் பாத்தான். மிஷின் நின்னுருச்சு. மலையே அமைதியாச்சு. கீழ ஆறு எரையுறது நல்லாக் கேட்டுச்சு. எனக்குக் கால் தரையில நிக்கல, போ!

இன்னைக்குக் காலையில வெயிலு. நானும் அந்தப் பொண்ணும் வெட்டின எடம் பூராவும் ஏறிப் போயி, வெடிப்பு இருக்கான்னு கையால தடவிப் பாத்தோம். இல்ல. எல்லாரும் என் வாயையே பாத்துக்கிட்டு நிக்கிறாங்க. கீழ நம்ம லயத்துக் கூரை எல்லாம் தெரியுது, அம்மா துணி காயப் போடுறது தெரியுது. இன்னொரு தடவை குழாயைப் பாத்துட்டு, "ஓட்டுங்க"ன்னு சொன்னேன்.

நேத்து நிறுத்தச் சொன்னப்ப என் குரல் நடுங்கல, தம்பி. இன்னைக்கு ஓட்டச் சொன்னப்பதான் நடுங்குச்சு.

அக்கா